ஜேம்ஸ் திஸ்ஸோவின் செம்புத் தகடுகள் நகல்களா?

பழைய புத்தகக் கட்டு ஒன்றில் கிடைத்த அச்சுத்தாளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இலைகள் கவிந்த தோட்டத்தில் கறுப்பு உடை உடுத்திய பெண் ஒருத்தி நடந்துபோகிறாள், தோளுக்கு மேலாக நம்மைத் திரும்பிப் பார்க்கிறாள், திஸ்ஸோ என்று கையெழுத்து இருக்கிறது, இதே காட்சி வண்ண ஓவியமாக இணையத்தில் கிடைக்கிறது, ஆகவே "என்னிடம் இருப்பது வெறும் நகல்தானா, இந்தத் திஸ்ஸோ கடிகாரக்காரரா, இவர் அழகான உடைகளை வரைந்தவர் என்பதைத் தவிர வேறு ஏதாவது உண்டா?" என்பவை உங்கள் கேள்விகள். மூன்றாகத் தெரிந்தாலும் இது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன். ஓவியர் ஒருவர் தாம் தீட்டிய காட்சியைத் தாமே செம்புத் தகட்டில் மறுபடி வரைந்தால், அதை நகல் என்பதா, இன்னொரு படைப்பு என்பதா என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்கு விடை கிடைத்துவிட்டால் மனிதரைப் பற்றிய கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

கடிகாரத்தை முதலில் அப்புறப்படுத்திவிடலாம். நம் விளம்பரங்களில் டிஸ்ஸாட் என்று எழுதப்படும் நிறுவனம் 1853-ல் சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் என்ற ஊரில் தொடங்கப்பட்டது. நம் ஓவியரோ பிரான்சின் மேற்குத் துறைமுக நகரமான நான்த்தில் துணி வணிகர் ஒருவருக்குப் பிறந்தவர். என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லவேண்டும். நான் கலை வரலாற்று ஆய்வாளன் அல்ல. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தகடு, அமிலம், அச்சு இயந்திரம் ஆகியவற்றோடு பழகி, செம்புத் தகட்டில் வரைந்து அமிலத்தால் அரித்து அச்சிடும் எட்சிங் முறையைக் கற்றுக்கொடுத்து வருபவன். ஆகவே தகட்டைப் பற்றி நான் சொல்வதைச் சற்று உறுதியாகவே எடுத்துக்கொள்ளலாம். வாழ்க்கை விவரங்கள் படித்து அறிந்தவை. அவற்றில் சர்ச்சை உள்ள இடங்களை அங்கங்கே சுட்டுகிறேன்.

ழாக் ழோசப் திஸ்ஸோ 1836 அக்டோபர் 15-ல் பிறந்தார். தாயார் தொப்பி வடிவமைப்பில் ஈடுபட்டவர். துணியும் நாடாவும் லேஸும் நிறைந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, பின்னாளில் ஒரு பாவாடை மடிப்பு எந்த இடத்தில் விறைத்து நிற்கும், எந்த இடத்தில் தொய்யும் என்பதைப் பிசகாமல் வரைந்ததில் வியப்பில்லை. இருபது வயதை ஒட்டிப் பாரிசுக்கு வந்து இப்போலித் ஃப்ளாந்த்ரன், லூயி லாமோத் ஆகியோரிடம் பயின்றார். பின்னாளில் புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் எட்கர் தேகாவும் லாமோத்தின் மாணவரே. இருவரும் நண்பர்கள் ஆனார்கள், தேகா இவரைப் பெரிய உருவப்படமாகத் தீட்டிய ஓவியம் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லண்டனுக்குப் போனதால்தான் ழாக் என்பவர் ஜேம்ஸ் ஆனார் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள், அது தவறு. ஆங்கிலேயப் பாங்கின் மேல் இருந்த மோகத்தில் அதற்கு வெகு முன்பே அந்தப் பெயரை வைத்துக்கொண்டுவிட்டார்.

1859-ல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் முதன்முதலாக இடம்பெற்றார். தொடக்கத்தில் அவர் வரைந்தவை இடைக்கால உடைகளில் ஆன்மாவைச் சாத்தானுக்கு விற்ற அறிஞன் ஃபௌஸ்டின் கதைக் காட்சிகள். ஆண்ட்வெர்ப் ஓவியர் ஹென்ரி லேசின் பாதிப்பு அப்பட்டமாகத் தெரியும் படங்கள். அவற்றில் ஒன்றைப் பிரெஞ்சு அரசே வாங்கியது. எனக்கு அவற்றில் ஈடுபாடு இல்லை. 1860-களின் நடுப்பகுதியில் அவர் பழங்கதைகளை விட்டுவிட்டுத் தம் காலத்துப் பெண்களையும் வரவேற்பறைகளையும் வரையத் தொடங்கியபோதுதான் திஸ்ஸோ என்பவர் பிறந்தார் என்பேன். ஜப்பானியக் கலைப்பொருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1867 உலகக் கண்காட்சியை ஒட்டிப் பாரிசுக்கு வந்த ஜப்பானிய இளவரசர் தொக்குகாவா அக்கிதாகேவுக்கு ஓவிய ஆசிரியராகவும் இருந்தார். இதை வேடிக்கைத் தகவலாகச் சொல்லவில்லை, உங்கள் தாளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, பின்னால் வருகிறேன்.

1870-ல் பிரஷ்யாவுடன் போர் மூண்டபோது பாரிசைக் காக்கும் படையில் சேர்ந்து போரிட்டார். 1871-ல், பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி அரசு நசுக்கப்பட்ட காலத்தில், லண்டனுக்குப் போய்விட்டார். கம்யூனில் பங்குகொண்டதால் தப்பி ஓடினார் என்பது அடிக்கடி சொல்லப்படும் கதை. அதற்குத் திட்டவட்டமான ஆதாரம் இல்லை. சிதைந்து கிடந்த பாரிசில் ஓவியம் வாங்க ஆள் இல்லை என்பதும், லண்டனில் 'வேனிட்டி ஃபேர்' இதழுக்காக அவர் ஏற்கெனவே கேலிச்சித்திரங்கள் வரைந்து வந்தார் என்பதும் போதுமான காரணங்களே. அங்கே விரைவில் செல்வம் சேர்ந்தது. செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில் வீடு, தூண் வரிசை சூழ்ந்த குளம், பெரிய மரங்கள் நிறைந்த தோட்டம். வருவோருக்குக் குளிரூட்டிய ஷாம்பெய்ன் காத்திருக்கும் என்றும், பட்டுக் காலுறை அணிந்த பணியாள் தோட்டத்துச் செடிகளின் இலைகளைத் துடைத்துப் பளபளப்பாக்குவான் என்றும் பிரெஞ்சு எழுத்தாளர் எத்மோன் தெ கோன்கூர் 1874-ல் தம் நாட்குறிப்பில் எழுதினார். கோன்கூரின் நாக்கு கசப்பானது. அந்த இலை துடைக்கும் பணியாளை நான் முழுதாக நம்பவில்லை. அதே ஆண்டில்தான், பின்னாளில் இம்ப்ரஷனிஸ்டுகள் என்று அறியப்பட்ட குழுவின் முதல் கண்காட்சியில் சேருமாறு தேகா வற்புறுத்தி அழைத்தும் திஸ்ஸோ போகவில்லை. கலை வரலாற்றுப் புத்தகங்களில் அவருக்குக் கிடைக்கும் இடம் சுருங்கிப்போனதற்கு இந்த மறுப்பு பெரிய காரணம்.

இனித் தகடு. 1860-களின் தொடக்கத்திலேயே திஸ்ஸோ ஒரு சில எட்சிங்குகளைச் செய்து பார்த்திருந்தார். முழு மூச்சோடு இறங்கியது 1875-76-ல், லண்டனில். அந்த நகரில் அப்போது எட்சிங் மறுபடி மதிப்புப் பெற்றுக்கொண்டிருந்தது. அறுவை மருத்துவராக இருந்துகொண்டே தலைசிறந்த எட்சிங் கலைஞராகவும் விளங்கிய ஃப்ரான்சிஸ் சீமோர் ஹேடன் இவருக்குத் தூண்டுகோலாக இருந்தார். 1880-ல் ஹேடன் தலைமையில் ஓவிய எட்சிங் கலைஞர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானபோது தொடங்கியவர்கள் ஆறு பேர். அவர்களில் திஸ்ஸோவும் ஒருவர், அல்ஃபோன்ஸ் லெக்ரோ என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரரும் உண்டு. அந்தச் சங்கத்தின் நோக்கமே உங்கள் கேள்விக்கான விடையாக இருந்தது. பிறர் தீட்டிய ஓவியங்களைக் கூலிக்குச் செதுக்கித் தரும் தொழிலாளர்கள் ஏராளமாக இருந்த காலம் அது. அவர்களிலிருந்து வேறாக, ஓவியரே தம் கையால் தகட்டில் வரைவது மூலப் படைப்பு என்று நிலைநாட்டவே அவர்கள் கூடினார்கள்.

திஸ்ஸோவின் ஏறத்தாழ 90 அச்சுகளில் பெரும்பாலானவை அவருடைய ஓவியங்களைத் தழுவியவை என்பது உண்மை. வணிகக் காரணமும் இருந்தது. ஓர் ஓவியத்தை ஒரு செல்வந்தர்தான் வாங்கமுடியும், ஒரு தகட்டிலிருந்து எடுத்த படிகளை நூறு நடுத்தரக் குடும்பங்கள் வாங்கமுடியும். வணிகம் கலந்தது என்பதால் அது நகல் ஆகிவிடாது. ஏன் என்பதற்குச் செய்முறையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். மெருகேற்றிய செம்புத் தகட்டின் மேல் மெழுகும் குங்கிலியமும் கலந்த பூச்சு இட்டு, மெழுகுவத்திப் புகையில் கறுப்பாக்கி, கூர்மையான ஊசியால் பூச்சை மட்டும் கீறி வரைவார்கள். கீறிய இடத்தில் செம்பு மின்னும். பிறகு தகடு அமிலத்தில் இறங்கும். பூச்சு நீங்கிய கோட்டை மட்டும் அமிலம் அரிக்கும். மெல்லியதாக இருக்கவேண்டிய கோடுகளைச் சில நிமிடங்களில் வெளியே எடுத்து வார்னிஷால் மூடிவிட்டு, கருமை வேண்டிய கோடுகளை மறுபடி மறுபடி அமிலத்தில் விடவேண்டும். ஆக, ஓவியர் கையாள்வது வண்ணத்தை அல்ல, நேரத்தை. கடைசியில் மை தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, பள்ளங்களில் தங்கிய மையை ஈரத்தாள் அழுத்தத்தில் உறிஞ்சிக்கொள்ளும்படி அச்சிடுவார்கள். தகட்டில் வரைந்தது தாளில் இடவலம் மாறி விழும். ஆகையால் ஓவியத்தின் திசையிலேயே அச்சு வரவேண்டுமானால் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி வரைந்தாக வேண்டும். இத்தனையும் கடந்து வருவதை நகல் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

இதற்கு மேல் திஸ்ஸோ இன்னொன்றும் செய்தார். அமிலம் முடித்த தகட்டின்மேல், பூச்சு ஏதுமின்றி, ஊசியை நேரடியாகச் செம்பில் அழுத்திக் கீறினார். இதை டிரைபாயிண்ட் என்கிறோம். உழுத சாலின் இரு கரையிலும் மண் எழும்புவதுபோலக் கீறலின் ஓரத்தில் உலோகப் பிசிறு எழும்பும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு தாளில் வெல்வெட் போன்ற கருமையைத் தரும். உங்கள் தாள் 'அக்டோபர்' என்ற தலைப்பில் 1878-ல் அவர் செய்த தகட்டின் படி என்று நீங்கள் தரும் விவரிப்பிலிருந்து ஊகிக்கிறேன். அந்தக் கறுப்பு உடையின் ஆழம் இப்படி வந்ததுதான். மூல ஓவியம் 1877-ல் தீட்டப்பட்டது, இன்று மாண்ட்ரியல் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இரண்டு மீட்டருக்கும் சற்று உயரமானது. ஓவியத்தில் முதலில் கண்ணைப் பறிப்பது மஞ்சளித்த இலைகள். பெண் அந்த மஞ்சளுக்கு எதிராக நிற்கும் கறுப்பு. தகட்டில் மஞ்சளே கிடையாது. பழுத்த இலை என்பதை வண்ணத்தைத் துணைக்கு அழைக்காமல் விளிம்பாலும் நரம்பாலும் தாளின் வெண்மையாலும் மட்டுமே சொல்லியாகவேண்டும், அவர் சொல்லியிருக்கிறார். நெருக்கி இழுத்த கோடுகளுக்கு இடையே காகிதம் மினுங்குவதால், ஓவியத்தில் கனத்துக் கிடக்கும் உடை அச்சில் காற்றில் அசைவதுபோல் இருக்கும். ஒடுங்கி உயர்ந்த அந்தச் சட்டகம், ஜப்பானில் வீட்டுத் தூண்களில் மாட்டுவதற்கென்றே செய்யப்பட்ட நீளமான மர அச்சுப் படங்களை நினைவூட்டுகிறது. இளவரசருக்குப் பாடம் சொன்னவர் தாமும் பாடம் கற்றிருக்கிறார்.

அந்தப் பெண் கேத்லீன் நியூட்டன். 1854-ல் பிறந்தவர், தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் இருந்த ஐரிஷ்காரர். இளம்பெண்ணாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, இங்கே பணியாற்றிய ஐசக் நியூட்டன் என்ற அறுவை மருத்துவரை மணந்தார். மணம் உடனே முறிந்து விவாகரத்தில் முடிந்தது. 1876 வாக்கில் திஸ்ஸோவின் வீட்டுக்கு வந்து, இறக்கும்வரை அவருடன் வாழ்ந்தார். இவ்வளவும் உறுதி. இருவரும் கத்தோலிக்கர் என்பதால் விவாகரத்தான பெண்ணை மணக்க இயலவில்லை என்பது நியாயமான ஊகம். 1876-ல் பிறந்த கேத்லீனின் மகன் சிசில் திஸ்ஸோவின் பிள்ளை என்பதைப் பலர் எழுதுகிறார்கள், நிரூபித்தவர் இல்லை. நோயின் வேதனை தாங்காமல் கேத்லீன் அபின் மருந்தை மிகுதியாக அருந்தித் தற்கொலை செய்துகொண்டார் என்ற கதையைச் சந்தேகத்துடனேயே அணுகவேண்டும். 1882 நவம்பரில், 28 வயதில், காசநோய் முற்றி இறந்தார் என்பதே நிற்கும் செய்தி. கணவன் மனைவியாக மணமுடிக்காமல் வாழ்ந்ததால் விக்டோரியா காலத்து லண்டனின் வரவேற்பறைகள் இருவருக்கும் மூடப்பட்டன. பெரிய விருந்துகளையும் கப்பல் நடனங்களையும் தீட்டியவரின் படங்களில் அதன் பிறகு வருவது பெரும்பாலும் ஒரே பெண், அவள் குழந்தைகள், ஒரே தோட்டம். சித்திரங்களில் உள்ள இவள் யார் என்பதே 1946 வரை வெளியுலகுக்குத் தெரியாமல் இருந்தது.

உடைகளைத் தவிர வேறு என்ன என்று கேட்டீர்கள். ஆங்கிலக் கலை விமரிசகர் ஜான் ரஸ்கினும் இதைத்தான் வேறு விதமாகக் கேட்டார். 1877-ல் இவருடைய படங்களைக் கொச்சையான சமூகத்தின் வண்ணம் பூசிய புகைப்படங்கள் என்று எழுதினார். திஸ்ஸோ புகைப்படங்களைப் பயன்படுத்தியது உண்மை. தோட்டத்தில் கேத்லீனைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு தீட்டியிருக்கிறார். கொச்சை என்ற சொல்லுக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. 1876-ல் ராயல் அகாதெமியில் அவர் காட்டிய 'தேம்ஸ்' ஓவியத்தில், கப்பல்கள் நெருங்கிய ஆற்றில் சிறு படகு ஒன்றில் கடற்படை அதிகாரி ஒருவர் இரண்டு பெண்களோடும் ஷாம்பெய்ன் போத்தல்களோடும் சாய்ந்து கிடக்கிறார். விமரிசகர்கள் முகம் சுளித்தார்கள். அடுத்து அவர் ஏறத்தாழ அதே அமைப்பில், ஆனால் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்து, சிவப்புச் சீருடை அணிந்த ஸ்காட்லாந்துப் படைவீரனை இரு பெண்களுக்கு நடுவில் இருத்தி 'போர்ட்ஸ்மவுத் கப்பல்துறை' தீட்டினார். அதை எட்சிங் ஆக்கியபோது 'இருவருக்கும் நடுவே என் நெஞ்சம் ஊசலாடுகிறது' என்ற பிரெஞ்சுத் தலைப்பை வைத்தார். கண்டித்தவர்களுக்கு அடங்கியதுபோலப் பாவனை செய்துகொண்டே கண் சிமிட்டுகிற மனிதர் இவர். வண்ணத்தில் அந்தச் சீருடையின் சிவப்பு எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. கறுப்பு வெள்ளையில்தான், பேசப்படும் பெண்ணையும் பேச ஆளின்றி அமர்ந்திருக்கும் பெண்ணையும் நாம் நிதானமாகப் பார்க்கிறோம்.

அவருடைய தகடுகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது 1881-ல் செய்த 'கோடைக்கால மாலை'. பிரம்பு நாற்காலியில் தலையணைகளில் சாய்ந்து கிடக்கும் கேத்லீனின் முகம் ஒடுங்கிவிட்டது. உடையை எவ்வளவு விரிவாகச் செய்யக்கூடியவர் என்பது தெரிந்ததால்தான், இங்கே அவர் எதைச் செய்யாமல் விட்டார் என்பது உறைக்கிறது. இதை உடை ஓவியம் என்று யாராவது சொன்னால் அவர் தாளைப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். அதே காலத்தில் விவிலியத்தின் ஊதாரி மைந்தன் கதையைத் தம் காலத்து லண்டனில் நடப்பதாக வைத்து நான்கு ஓவியங்களும், முகப்போடு சேர்த்து ஐந்து எட்சிங்குகளும் செய்தார். மைந்தன் சீரழியும் தொலைதேசம் ஜப்பானியத் தேநீர் விடுதியாகிறது, அவன் திரும்பிவந்து தந்தையின் காலில் விழும் இடம் கால்நடைகளை இறக்கும் துறைமுகமாகிறது. கோன்கூர் சகோதரர்களின் நாவல் ஒன்றுக்குப் பத்து எட்சிங்குகள் வரைந்து தந்ததும் இந்த ஆண்டுகளில்தான். கதாநாயகி நோயுற்று இறக்கும் கதை அது, அவளுக்கும் கேத்லீனின் முகமே.

கேத்லீனின் அடக்கம் முடிந்த சில நாட்களில் திஸ்ஸோ வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் பாரிசுக்குத் திரும்பினார். பாரிஸ் பெண்களைப் பற்றிய 15 பெரிய ஓவியங்களை 1885-ல் காட்சிக்கு வைத்தார். பழைய வெற்றி கிடைக்கவில்லை. அதே ஆண்டு மே 20-ல் லண்டனில், வில்லியம் எக்லிண்டன் என்ற ஆவியுலக இடையாளர் நடத்திய அமர்வில் கேத்லீனின் உருவைக் கண்டதாக நம்பினார். எக்லிண்டன் மோசடிக்காரர் என்று குற்றம் சாட்டப்பட்டவர். அன்று அறையில் இருந்தது யார் என்பது வேறு விஷயம், திஸ்ஸோ உண்மையாக நம்பினார் என்பதில் ஐயமில்லை. அந்தக் காட்சியை ஓவியமாகவும், பிறகு மெசோடின்ட் முறையில் அச்சாகவும் செய்தார். எட்சிங்கில் வெள்ளைத் தாளில் கோடு கோடாகக் கருமை சேர்ப்போம். மெசோடின்ட் இதற்கு நேர்மாறு. தகடு முழுவதையும் பற்கள் கொண்ட கருவியால் சொரசொரப்பாக்கினால் அச்சில் முழு இருட்டு வரும். அதைச் சுரண்டிச் சுரண்டி, வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் வழவழப்பாக்குவார்கள். இருட்டிலிருந்து ஓர் உருவத்தை வெளியே வரவழைக்க விரும்பியவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. ஓவியம் காணாமல் போய்விட்டது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் காட்சியை உலகம் அறிந்தது அச்சு வழியாக மட்டுமே. அண்மையில்தான் ஓவியம் கண்டெடுக்கப்பட்டு, 2019-20-ல் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்திலும் நடந்த பெரிய திஸ்ஸோ கண்காட்சியை ஒட்டி மீண்டும் பேசப்பட்டது. நகல் என்ற சொல்லின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்பது இப்போது புரியலாம்.

பிற்காலத்தை விரைவாகக் கடக்கிறேன், ஏனென்றால் அது வேறொரு மனிதரின் வாழ்க்கை போன்றது. பாரிசின் சேன் சுல்பீஸ் தேவாலயத்தில் தமக்கு ஒரு தெய்வக் காட்சி கிடைத்ததாகச் சொல்லி, விவிலியத்தைத் தவிர வேறெதையும் வரைவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். 1886, 1889, 1896 ஆண்டுகளில் பாலஸ்தீனப் பகுதிக்குப் பயணம் செய்து, இயேசுவின் வாழ்வை 350 நீர்வண்ணச் சித்திரங்களாக்கினார். 1900-ல் புரூக்ளின் அருங்காட்சியகம் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி அவற்றை வாங்கியது. பழைய ஏற்பாட்டுச் சித்திரங்கள் முடியாமல் இருக்கும்போதே, 1902 ஆகஸ்ட் 8-ல், கிழக்குப் பிரான்சில் பூயோன் மாளிகையில் காலமானார்.

உங்கள் தாளுக்கு வருகிறேன். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பதிந்த செவ்வக வடு இருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பின்புறம் லேசாகப் புடைத்திருக்கவேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியில் கறுப்பு உடையைப் பாருங்கள். ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது புத்தகப் பக்கத்திலிருந்தோ பிற்கால மறுபதிப்பிலிருந்தோ வந்தது, சட்டமிட்டு மாட்டி மகிழலாம். புள்ளிகள் இன்றி, மை தாளின் மேல் மேடாக நிற்கும் கோடுகளும், அவற்றின் ஓரத்தில் பஞ்சு போன்ற மங்கலும் தெரிந்தால் அது பிசிறு தந்த கருமை. பிசிறு மெல்லியது, ஒவ்வொரு அழுத்தத்திலும் தேயும், ஆகவே உடையின் கருமை எவ்வளவு செழிப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது தகட்டிலிருந்து முன்னதாக எடுக்கப்பட்ட படி. ஓரத்தில் அவருடைய பெயரெழுத்துகள் பின்னிய சிறிய சிவப்பு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்; அவர் தம் படிகளில் அதைக் குத்தும் வழக்கம் உண்டு. இவை எல்லாம் இருந்தாலும் படத்தை வைத்து நான் உறுதி கூறமாட்டேன். தாளைக் கையில் ஏந்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கக்கூடிய அச்சு வல்லுநர் ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை தாளை நாடாவால் ஒட்டவேண்டாம், வெயில் படும் சுவரில் மாட்டவேண்டாம், மங்கிய மஞ்சளை நீக்குகிறேன் என்று யாராவது சொன்னால் கையில் கொடுக்கவே வேண்டாம்.